மாடிக்காரர் பாட்டு

தலைக்கு மேலே கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் துணி அலசுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

தொம், தொம். ஓர் இடைவெளி. பிறகு மறுபடி தொம்.

பாட்டு இல்லை. கால்கள் மட்டும்தான். மனுஷன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடுகிறார். வேறென்ன செய்வார், பாவம்.

வியாழக்கிழமையிலிருந்து மாடியில் பாட்டுச் சத்தம் கிடையாது. சத்தம் தாங்கவில்லை என்று வீட்டு ஓனருக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் முதல் கையெழுத்து அவளுடையது.

மாடி ஒற்றை அறையில் இருப்பவர் நைஜீரியாக்காரர். ஒபின்னா என்று பெயர். திருப்பூரில் மிஞ்சிப்போன பனியன்களை மொத்தமாக வாங்கி லாகோசுக்குக் கப்பலில் அனுப்புகிறவர். குடிவந்து எட்டு மாதம். வந்த நாளிலிருந்து பாட்டு.

கீழே வரிசையாக ஆறு வீடுகள். ஐந்து வீட்டிலும் டிவி அலறும். அது சத்தத்தில் சேராது. அது சீரியல்.

ஆறாவது வீடு அவளுடையது.

அங்கே டிவி இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கம்பெனி விட்டு வந்து கதவைச் சாத்தினால், மேலேயிருந்து இறங்கி வரும் அந்தப் பாட்டுதான் வீட்டுக்குள் கேட்கிற குரல்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பழகிப்போனது. ஒரு முறை அவர் நான்கு நாள் மும்பைக்குப் போயிருந்தார். அந்த நான்கு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் குழாயடியில் அவளே கேட்டுவிட்டாள், இது என்ன பாட்டு என்று.

"மேளம் எங்க ஊரு. பாட்டு அமெரிக்கா மாதிரி. ரெண்டும் மிக்ஸ், அக்கா" என்றார் அவர். அவளுடைய பிளாஸ்டிக் குடத்தின் மேலேயே தாளம் தட்டிக் காட்டினார்.

அதற்குள் இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது.

அதோடு அவரிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

புகார்க் காகிதத்தைப் பக்கத்து வீட்டுச் சுகந்திதான் கொண்டுவந்தாள். "நேர் கீழ இருக்கறது நீங்கதானுங்க்கா. நீங்க மொதல்ல போடுங்க."

போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தனியாக இருக்கிற பெண்ணிடம் ஏன் என்று கேட்டால் அதற்கு அர்த்தமே வேறு.

போட்டாள்.

ஓனர் வந்து முற்றத்தில் நின்றபடியே மாடியைப் பார்த்துச் சொன்னார். இன்னொரு தடவை பாட்டுச் சத்தம் கேட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். ஒபின்னா மாடியிலிருந்தே "சாரி சார்" என்றார். பிறகு கீழே பார்த்து, "சாரி அக்கா" என்றார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தொம், தொம்.

எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண் பாடுவது. கிட்டார் ஓடி வரும், அடியில் மேளம் உருளும், நடுவில் ஆங்கிலம் வரும். ஆங்கிலத்தில் 'பேபி' மட்டும் புரியும். மற்றது அவர் ஊர்ப் பாஷை. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு சொல் விடாமல் மனப்பாடம்.

துணியை முறுக்கிக்கொண்டே முணுமுணுத்தாள்.

முணுமுணுத்ததாகத்தான் நினைத்தாள். இருபது வருடம் பனியன் கம்பெனியில் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிய தொண்டை அது. அதற்கு மெல்ல வராது.

மேலே கால்கள் நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஏனுங்க்கா, மறுக்காவும் ஆரம்பிச்சுட்டான் பாத்தீங்களா!" சுகந்தி முற்றத்திலிருந்து கத்தினாள். "இருங்க, ஓனருக்குப் போன் போடறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்தரலாம்."

அவள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

எல்லாக் கதவும் திறந்திருந்தது. சுகந்தியின் கையில் போன். மாடிப்படியின் உச்சியில் அவர் நின்றிருந்தார், ஹெட்போன் கழுத்தில் கிடக்க, இரண்டு கையையும் விரித்து. நான் இல்லை என்கிற மாதிரி.

அவர் கையை யாரும் பார்க்கவில்லை.

பேசாமல் உள்ளே போய்விடலாம். போனால் சாயங்காலத்துக்குள் மாடி காலி. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"அவரில்ல, சுகந்தி. நாந்தான் பாடுனேன்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா? அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?"

கேட்டுவிட்டு மாடிப்படியைப் பார்த்தாள். திரும்பி அவளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் பார்வைக்குத்தான் அவள் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். வந்தே விட்டது.

போனில் ஓனர் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டாள். படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். முதல் வரியைப் பாடினாள். ஆறு வீட்டுக்கும் கேட்டது.

அந்தப் பாட்டில் பெண் ஒரு வரி பாடி நிறுத்துவாள். ஆண்கள் கூட்டமாகப் பதில் சொல்வார்கள்.

அவள் நிறுத்தினாள்.

மாடிப்படியில் அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த வரியையும் அவளே பாடினாள்.