தெளியட்டும்

“பூட்டை உடை! சாவி என்கிட்டதான் இருக்கு, நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதே. கல்லோ கம்பியோ, கையில கிடைச்சதை எடுத்து உடை செண்பகம்!”

ஏட்டு அய்யாதுரை போனில் போட்ட சத்தத்தில், மந்தைவெளி சமூகக் கூடத்தில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மர்சலின் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில் நின்றது: ‘தள்ளாட்டம், குழறல், வாந்தி, தூக்கம். உடனே போதை என்று முடிவு கட்டாதீர்கள்.’

மூளைக்காயப் பிரிவில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள் மர்சலின். போலீஸ்காரர்கள், ஆட்டோ டிரைவர்கள், வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, மாதம் ஒரு சனிக்கிழமை இந்த வகுப்பை நடத்துகிறாள். தூங்கி வழிபவர்களைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருவர் துள்ளி எழுந்தது இதுதான் முதல் தடவை.

“இன்னா ஏட்டய்யா, லாக்கப் சாவியை இடுப்புல சொருவிக்கினு வந்துட்டியா?” பின்வரிசையிலிருந்து ஆட்டோ ஹரி கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அய்யாதுரை சிரிக்கவில்லை. மைக்கைத் தாண்டி நேராக மர்சலினிடம் வந்தார். “மேடம், நீங்க இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி ஒரு பையன். தி.நகர்ல. காலையில ஆறு மணிக்கு வந்தான். நிக்க முடியலை, வாய் குழறுது, வாசல்லயே வாந்தி. தூங்கித் தெளியட்டும்னு உள்ள தள்ளிப் பூட்டிட்டு வந்துட்டேன்.”

சிரிப்பு அறுந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

“சாராய வாடை அடிச்சுதா?”

“மோந்து பாக்கலை மேடம். முப்பது வருஷ சர்வீஸ். பாத்ததுமே குடிதான்னு நினைச்சேன்.”

“உடம்புல காயம்?”

“முழங்கையில சிராய்ப்பு. வண்டி ஸ்லிப் ஆயிடுச்சுன்னு என்னமோ சொன்னான். தலை வலிக்குதுன்னான். கதை விடாதேன்னு...” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “கன்னத்துல ரெண்டு விட்டேன்.”

“வயசு என்ன?”

“இருபது. இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூடக் குடிச்சதில்ல மேடம்.”

மர்சலினுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. தலையில் அடிபட்டவனை அறைந்து, அறைக்குள் அடைத்து, ஐந்து மணி நேரம். ஆனால் திட்டுவதற்கு இப்போது நேரமில்லை. “நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சாம். வந்துக்கிட்டிருக்காம்.”

போனில் மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. மர்சலின் அதைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

“செண்பகம், நான் நர்ஸ் பேசுறேன். எழுப்பிப் பாரும்மா. குலுக்காதே.”

“எந்திரிக்க மாட்டேங்கிறான் மேடம்.” மறுமுனைப் பெண் அழுதுகொண்டே பேசினாள். வேலைக்குப் புதிதாக வந்த பெண் போலீஸாக இருக்கும், பாவம் என்று நினைத்தாள் மர்சலின். “கொர்ரு கொர்ருன்னு மூச்சு வருது. நல்லாத் தூங்குறான்னுல்ல வெளிய உக்காந்துக்கினு இருந்தேன்!”

“ஒருக்களிச்சுப் படுக்க வை. கழுத்து மடங்காமப் பாத்துக்க. இப்ப ரெண்டு கண்ணையும் திறந்து டார்ச் அடி.”

பின்வரிசையில் ஹரி எழுந்து நின்றிருந்தான்.

“ஒரு கண்ணுல கருப்பு பெருசா கீது மேடம். இன்னொண்ணு சின்னதா கீது.”

மர்சலின் கண்களை மூடித் திறந்தாள். அதற்கு அர்த்தம், மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது என்று அரைமணி நேரம் முன்புதான் இவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தாள். அய்யாதுரை அவள் முகத்தையே பார்த்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

“மூச்சு நிக்குது மேடம்! கொர்ருன்னு வந்தது நின்னுபோச்சு!”

“மல்லாக்கப் போடு. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கு. நான் எண்ணுறேன், நிறுத்தாதே. ஒண்ணு, ரெண்டு, மூணு...”

முப்பது பேரில் யார் முதலில் கூடச் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. கூடம் முழுவதும் எண்ணியது. அய்யாதுரையின் உதடு மட்டும் அசையவில்லை.

முன்னூறைத் தாண்டியபோது அந்தப் பக்கம் காலடிச் சத்தம், தள்ளுங்க தள்ளுங்க என்ற குரல்கள். எண்ணுவது ஒவ்வொருவராக ஓய்ந்தது. வெகுநேரம் கழித்து ஓர் ஆண் குரல் போனில் வந்தது.

“ஆம்புலன்ஸ்ல இருந்து பேசுறேன் மேடம். எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம். நாடி இல்லை, கண்ணு ரெண்டும் விரிஞ்சுடுச்சு. ஒரு மூணு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், ஆனா பிரயோஜனம் இல்ல.”

மர்சலின் போனை மேஜைமேல் வைத்தாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அடக்கிவைத்திருந்த ஆத்திரம் இப்போது உடைந்தது. “தலை வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கான் ஏட்டய்யா! கேட்டீங்களா? எங்கயோ ஒரு வீட்டுல பெத்தவங்க பிள்ளை வருவான்னு காத்துக்கிட்டிருப்பாங்க. அவங்கப்பாவுக்கு யார் போன் பண்றது? நீங்களே பண்ணுங்க. உங்க வாயாலேயே சொல்லுங்க!”

அய்யாதுரை தொப்பியைக் கையில் எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“செண்பகம் அவன் அம்மா மேடம். நான்தான் அவங்கப்பா.”