கைப்பிடி

திரையில் ஒரு தனியன், ஒருமுறை தன்னைப் பார்த்துச் சிரித்த பெண்ணை மாதக்கணக்கில் பின்தொடர்கிறான். முதல் நாள் "கிறுக்குப் பய" என்று சத்தமாகச் சிரித்தது நான்தான். அதற்குள் திரையில் கதவு படாரென்று திறந்தது. பக்கத்து இருக்கைப் பெண் அலறி, கணவர் கையென்று நினைத்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, சாரிண்ணே!" அந்தப் பிடி மூன்று விநாடி இருக்கும்.

இன்று எனக்கு ஒன்பதாவது மேட்னி. அதே இருக்கை; கைப்பிடியில், நகம் வெட்டிய அதே கை. டார்ச் அடிக்கும் சுடலைமணி அண்ணாச்சி குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "அந்தப் பிள்ள இனிமே வராது சார். வேற படம் பாக்கலாம்லா?"

"எந்தப் பிள்ள?" என்றேன்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் அந்தக் கதவு திறந்தபோது அது தானாகக் கைப்பிடிக்குப் போயிருந்தது.