முகம் தெரியாதவன்

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன் வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை அழைத்தார்.

“ஏட்டி சுதா, உனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. கடம்பூர் ஜவுளிக்கடைக்காரர்கிட்ட வெத்திலை பாக்கு மாத்திட்டுத்தான் வாரேன்.”

சுதாராணி அதிர்ந்துபோனாள். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேப்பா.”

“நீ எங்களைக் கேட்டியாக்கும்? ராவும் பகலும் கம்ப்யூட்டர்ல எவனையோ தேடுதே. ‘ஒரு பதில் வந்தா போதும்’னு சிநேகிதிகிட்ட போன்ல சொன்னதை என் காதால கேட்டேன். அவன் எந்த ஊரு? என்ன ஆளுக?”

“ஆளுகளான்னே தெரியாதுப்பா. வேற கிரகத்துல உயிர் இருக்கான்னு விஞ்ஞானிங்க தேடுதாங்க. வானத்துலேருந்து வார சிக்னலை நம்ம கம்ப்யூட்டரும் சலிச்சுப் பாத்துக் கொடுக்கு. உலகம் பூரா லட்சக்கணக்கான வீட்டுல இது ஓடுது.”

திரையில் வண்ணக் கோடுகள் ஏறி இறங்கின. தான் நினைத்தது தப்பு என்று பூவனநாதனுக்குப் புரிந்தது. ஆனாலும் நிமிர்ந்தே நின்றார்.

“இருக்கட்டும். வெத்திலை மாத்தினா மாத்தினதுதான். நம்ம குடும்பத்துல பேச்சு மாறுத பழக்கம் கிடையாது.”

“அந்தக் கடைக்காரருக்கு ரெண்டு பையனாச்சேப்பா. எனக்கு எந்தப் பையன்?”

குடும்பப் பேர் கெடுவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில், அதைப் பூவனநாதன் கேட்கவே இல்லை.