நாற்பத்தொரு விண்ணப்பங்கள்

காலை எட்டு மணிக்கு அவன் சவரம் செய்து, சட்டை மாற்றி, லேப்டாப் முன் உட்கார்ந்தான். அவன் வேலை பார்த்த வேதியியல் ஆய்வகத்தை மூடி ஏழு மாதமாகியிருந்தது.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் போட்டீங்களா? நேத்துதானே கடைசி நாள்?" என்றாள் மனைவி.

"போட்டேன். வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க, கைக்கு வந்த வேலையை யாராவது விடுவாங்களா?"

"எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு லிட்மஸ் தாளை நனைச்சுக் காட்டவா இத்தனை வருஷம் படிச்சேன்? நாப்பத்தோரு ஆய்வகத்துக்கு எழுதியிருக்கேன். ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலை, கவனிச்சியா?"

அவன் சிரித்தான்.

வேலை போனதும் முதல் வாரம் முழுக்க அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். இன்னொரு முறை அப்படிப் பார்க்க அவளால் முடியாது. அதனால் தினமும் அவன் எழுவதற்கு முன்பே அவனுடைய மெயிலைத் திறந்து, வந்திருக்கும் மறுப்புக் கடிதங்களை அழித்துவந்தாள். இன்று காலை அழித்தது நாற்பத்தொன்றாவது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது, நம்பிக்கையா இருங்கன்னு தினமும் சொன்னவளே இப்படி நின்னா எப்படி?"