கம்ப்ரசருக்கு அடியில்

"நீங்களே பாருங்க சார்." சாஜிதா செல்போனை நீட்டினாள்.

பம்ப் கம்பெனி சூப்பர்வைசர் பாலகோபால் அதில் ஓடிய வீடியோவைப் பார்த்தார். மாலை நாலு மணி. மகள் ஹிபாவைக் கூட்டிவர சாஜிதா பள்ளிக்குப் போயிருக்கும் நேரம். எதிர்வீட்டு மயில்சாமி அவள் ஷெட்டுக்குள் நுழைகிறார். பெயிண்ட் அடிக்கக் காற்றை அடைத்துத் தரும் கம்ப்ரசருக்கு அடியில் கையை விடுகிறார். புஸ்ஸென்று சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

"ஒரு நாளில்லீங்க, தெனமும். கேமரா வெச்ச பொறவுதான் தெரிஞ்சுது. என்ற பொழப்புல மண்ணைப் போடறாருங்க."

மயில்சாமிக்குக் கோபம் இருக்க நியாயம் உண்டு. குனியமுத்தூரின் அந்தச் சந்தில் இருவரும்தான் கம்பெனியின் மோட்டார் மூடிகளுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள். எல்லாம் ஒரே டெம்போவில் கலந்து போகும். ஆறு மாதம் முன்பு, கணவர் ரியாஸ் இறந்து சாஜிதா தனியாக வேலையில் இறங்கிய முதல் வாரம், இரண்டு மூடியில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. அது மயில்சாமி அடித்தது என்றாள் சாஜிதா. அவர் மறுத்துப் பேசவில்லை. அவர் வேலையில் பாதி இவள் கைக்கு வந்தது.

"மீதியையும் எனக்கே குடுத்துருங்க சார். புள்ளைய நான் ஒருத்தியாத்தானுங்க கரையேத்தணும்."

பாலகோபால் மயில்சாமியை சாஜிதாவின் ஷெட்டுக்கே வரவழைத்தார். வீடியோவைப் பார்த்ததும் அவர் தலைகுனிந்தார்.

"கேக்காம நொழைஞ்சது தப்புதானுங்க."

பாலகோபால் குனிந்து, கம்ப்ரசரின் காற்று டேங்குக்கு அடியில் இருந்த சின்னத் திருகுக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மணி, இந்தத் தண்ணிய எப்பத் தொறந்து விடுவீங்க?"

"எந்தத் தண்ணிங்க?"

அவர் அவளையே பார்த்தார். "காத்துல இருக்கற ஈரம் டேங்க்ல தண்ணியா நிக்குமுங்க. தெனமும் எறக்கலீன்னா பெயிண்டோட வந்து கொப்புளிக்கும். ரியாஸ் சொல்லித் தரலீங்களா?"

ரியாஸுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை.

"ஆனா அந்த மொத வாரத்துக்குப் பொறவு ஒரு மூடிகூடக் கெட்டு வரலியே" என்றபடி பாலகோபால் மயில்சாமி பக்கம் திரும்பினார்.

"ரியாஸ் போன பொறவு இந்தப் பக்கம் தண்ணி எறக்கற சத்தமே கேக்கலீங்க. சொல்லலாம்னு வந்தேன். அம்மணி முகங்குடுத்துப் பேசலீங்க. அதான் நானே எறக்கிவிட்டுப்போட்டுப் போயிருவேன்."



பாலகோபால் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, மீதி வேலைய என்ன பண்றதுங்க?"

"என்ற கைக்கு வந்த அவரு பங்கையும் அவருக்கே குடுத்துருங்க சார். அந்த ரெண்டு மூடியும் நான் அடிச்சதுதானுங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."