எழுநூறு கிராம்

“அக்கா, இதோட மூக்குல ஈயம் யாரு போட்டது?”

கிள்ளானில் அந்த வரிசை வீட்டின் முகப்பில், உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தபடியே கேட்டான் விஜயன். பழைய ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் போலவே செய்த, ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம் அது. இறக்கை மட்டும் ஒன்பது அடி. பிளானை விரித்துவைத்து, விலா விலாவாகப் பலகை அறுத்து ஒட்டி, மூன்று வருஷமாக ராதாகிருஷ்ணன் கட்டியது. அவர் போய் ஒரு மாதம் ஆகிறது.

“யாரும் போடலயே,” என்றாள் அவர் மனைவி நாகம்மை.

“அப்ப எப்படிக்கா நேரா நிக்குது? ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின நாள், அண்ணனும் நானும் இதே கயித்துலதான் தொங்கவிட்டோம். வால் தொபுக்குனு கீழ உக்காந்துருச்சு. மூக்குல எழுநூறு கிராம் ஏத்தணும்னு அவருதான் சொன்னாரு. அதுக்கப்புறம் அவரு கட்டிலை விட்டே எழுந்திரிக்கலயே.”

நாகம்மை விமானத்தின் வாலில் படிந்திருந்த தூசியைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரன்தான் என்றாலும் விஜயன் அந்த வீட்டுக்குத் தம்பி மாதிரி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் அவன். மறுநாள் சாம்பலை வாங்கி வந்தவனும் அவன். கடலில் கரைக்கப் படகு அடுத்த நாள் காலையில்தான் கிடைக்கும் என்றார்கள். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று கலயத்தை முகப்பிலேயே வைத்திருந்து, விடிந்ததும் கிள்ளான் துறைமுகத்துக்கு எடுத்துப்போய்க் கடலில் கரைத்ததும் அவன்தான். இப்போது பாக்கி இருப்பது இந்த விமானம்.

மேசையில் கிடந்த பிளானை இழுத்தான். ஆஸ்பத்திரிக்கும் அதைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்திருந்தார் மனுஷன். மூக்குப் பகுதியில், ‘ஈயம்’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, நடுங்கிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்.

‘ஈயம் வேண்டாம். நான் இருக்கேன்.’

பேய்க்கதை சொன்னால் சிரிக்கிறவன் விஜயன். இப்போது சிரிப்பு வரவில்லை.

மூக்கைத் திறந்து பார்த்தான். தீப்பெட்டி அளவுக்கு ஈயம் வைக்க வேண்டிய இடத்தில், மைலோ பவுடர் டின் அளவுக்கு ஒரு பலகைப் பெட்டி இருந்தது. மூடி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

“உள்ள என்னக்கா இருக்கு?”

“உங்க அண்ணன் வேலை. எனக்கென்ன தெரியும்?”

“உடைச்சுப் பாத்துடறேன் லா. என்னா பாரம்னு தெரியாம பறக்க விட்டா, நேரா வந்து தரையில குத்தும். மூணு வருஷ உழைப்பு.”

“பெட்டியைத் தொடாத, தம்பி.” குரல் கடுமையாக இருந்தது. பிறகு தணிந்தாள். “ஒரு தடவை பறந்து, முழுசா இறங்கணும்னு சொன்னாரு. கடைசியா என்கிட்ட கேட்டது அது ஒன்னுதான். ஞாயித்துக்கிழமை பறக்க விட்டுடு.”

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. இறக்கை ஒடிந்தால் அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலையில் இரண்டு நாள் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கிப் பார்த்தான்.

ஞாயிறு காலை, மேரு ஊருக்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பொட்டல். எஞ்சின் ஒரே சுண்டில் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடியது, வாலைத் தூக்கியது, எழும்பிவிட்டது. அண்ணன் கணக்கைக் குறை சொல்ல முடியாது. ரிமோட்டில் விரல் வைத்தால் போதும், சொன்னபடி கேட்டது. மூன்று சுற்று வந்தது.

நாலாவது சுற்றில் எஞ்சின் நின்றுபோனது.

“ஐயோ,” என்றான் விஜயன். இவ்வளவு கனமான விமானம் எஞ்சின் இல்லாமல் கல் மாதிரிதான் விழும். பதறிப்போய் ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினான்.

விமானம் வலப்பக்கம் திரும்பியது.

இடப்பக்கம் போயிருந்தால் செம்பனை மரத்தில் மோதியிருக்கும். அது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. மறுபடியும் குச்சியைத் தொடக் கை வரவில்லை. கட்டைவிரல் இரண்டையும் எடுத்துவிட்டான்.

பின்னால் நாகம்மையின் குரல் கேட்டது.

“மெதுவா வாங்க... அவசரமில்ல. மெதுவா.”

இத்தனை வருஷத்தில் அக்கா அவனை ‘வாங்க’ என்று கூப்பிட்டதே இல்லை.

விமானம் தாழ்ந்து, மூக்கை லேசாக நிமிர்த்தி, இரண்டு சக்கரத்தையும் புல்லில் பதித்து உருண்டு வந்தது. நேரே நாகம்மையின் காலடியில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை.

விஜயன் ரிமோட்டைத் தரையில் வைத்தான். “அக்கா... இதை நான் எறக்கல.”

“தெரியும்.”

அவள் குனிந்து, விமானத்தின் மூக்கில் ஒட்டியிருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். நெற்றி வேர்வையைத் துடைப்பதுபோல, மெதுவாக, இரண்டு தரம். கண் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு மாதமாகக் காணாத நிம்மதி.

“சொல்லுங்கக்கா. அந்தப் பெட்டியில என்னதான் இருக்கு?”

“ஈயம் வேண்டாம்னு அவரு எழுதினதை நீதான் படிச்சியே, தம்பி. கலயம் அன்னிக்கு ராத்திரி முகப்புலதானே இருந்துச்சு? அவரு சொன்ன மாதிரியே பலகையில பெட்டி செஞ்சு, சமையல் தராசுல ரெண்டு தரம் நிறுத்து, எழுநூறு கிராம் எடுத்துப் போட்டு நான்தான் மூடி ஒட்டினேன். மறுநாள் நீ கடல்ல கரைச்சது மிச்சத்தை.”