உற்சாகம் தரும் ஒலி

“வாசனை, வெளிச்சம், நாற்காலி எல்லாம் இருக்கட்டும் சார். அந்தக் குரலை மட்டும் எடுத்துடுங்க.”

“அந்தக் குரல்தானேம்மா உங்களைத் தூக்கி நிறுத்துது?” என்றார் மேலாளர் ஜெரால்டு. “மூணு மாசமா இந்த மாடியிலேயே நீங்கதான் முதல்.”

பூங்கோதைக்கு அது தெரியும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை தரும் இந்த வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில், ‘உங்களுக்கு உற்சாகம் தரும் ஒலி எது?’ என்று கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் மழை, வீணை என்று எழுத, அவள் தன் மகள் ஆதினி ‘அம்மா’ என்று கூப்பிடுவதைப் பதிந்து கொடுத்தாள். அன்று முதல் அவள் கண் சொக்கி நாற்காலியில் சாய்ந்தால் போதும், அவளுடைய வேலை அறை அதை உணர்ந்து அதே குரலில் ‘அம்மா!’ என்று கூப்பிடும். அவளும் நிமிர்ந்து அடுத்த எக்ஸ்ரே படத்தைத் திறப்பாள்.

“நேத்து பார்க்குல பிள்ளை ஊஞ்சல்லேர்ந்து விழுந்து ‘அம்மா’ன்னு கத்துறா சார். நான் பெஞ்சுல நிமிர்ந்து உக்காந்து அடுத்த படத்தைத் தேடுறேன். யாரோ ஒருத்தி ஓடிப்போய்த் தூக்கினா.”

“ஒரு வாரம் லீவு போடுங்க. சரியாயிடும்.”

“லீவு ஒண்ணும் வேண்டாம்.”

அவள் தன் அறை நாற்காலியைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்து வந்து, வழியை மறித்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே காலி அறை ‘அம்மா!’ என்றது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே மறுபடி சாய்ந்தாள்.

“அழிச்சிடுங்க சார். இப்பவே, என் கண் முன்னாடி.”